இருபத்தெட்டு மில்லி

அவளுக்கு டிகிரி என்று பெயர் வைத்தது தெரு. பட்டமளிப்பு விழா முடிந்து அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு அவள் சந்துக்குள் நுழைந்த அன்றே, மூன்றாம் வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "டிகிரி வருது பாரு" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பாவே இரண்டாம் மாதத்தில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவள் படித்தது தாவரவியல். ஆனால் டிகிரி என்றால் டிகிரிதான், அதில் செடி என்ன, கொடி என்ன என்பது தெருவின் முடிவு. மாத்திரை அட்டையை நீட்டி, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்பார்கள். பூட்டிக்கொண்ட ஃபோனைத் திறந்து தரச் சொல்வார்கள். மின்வாரியத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து, "நல்ல செய்தியா கெட்ட செய்தியா, அதை மட்டும் சொல்லு" என்பார்கள். இலை ஏன் பழுக்கிறது என்று ஒருவராவது கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பாள். கேட்டதில்லை.

பகலில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேஜையில் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஆட்கள் பேசுவதெல்லாம் அவளுக்குத் தெளிவாகப் புரியும். டாக்டரே சில நேரம் வெளியே எட்டிப் பார்த்து, "இவர் என்னம்மா சொல்றாரு?" என்று கேட்பார்.

வீடு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். கூடத்தில் அப்பா, அம்மா, அண்ணனின் இரண்டு பிள்ளைகள், அவள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதைத்தான் அவளால் யாரிடமும் விளக்க முடியவில்லை. திட்டுகிறவர் யாராவது இருந்தால் முறைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்காரலாம். இங்கே மூலையில் உட்கார்ந்தால், "என்னடா கண்ணு, தலைவலியா?" என்று அம்மா தைலத்தோடு வந்துவிடுவாள். குளியலறைக் கதவைச் சாத்தினால் இரண்டாம் நிமிடம் அப்பா தட்டுவார். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா, நீ குளி. இந்த ஓ.டி.பி.னு வந்திருக்கே, அதை மட்டும் சொல்லிடறேன், கேட்டுக்கோ."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், "வண்டியில என் கண்ணாடி கெடக்கு, எடுத்துட்டு வா" என்று அண்ணன் சாவியைக் கொடுத்து அனுப்பினான். அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். சந்து குறுகல் என்பதால், தெருமுனையில் மூடிப்போன அச்சகத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இன்னும் மூன்று வண்டிகளோடு அதுவும் நிற்கும். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினாள். காற்றுக்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டப் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

அப்படி ஒன்றை அவள் அதுவரை கேட்டதில்லை. கண்ணாடி கிடைத்த பிறகும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் நடைப்பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள். அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு அண்ணன் குளிக்கப் போகும்போது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு கிளம்புவாள். வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, சாவியைத் திருகி, ஃபேனை ஒன்றில் வைப்பாள். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தால் புழுங்கும், வேறு வழியில்லை. தலைக்கு மேல் சின்ன விளக்கைப் போடுவாள், இருட்டில் உட்கார்ந்தால் யாராவது பயந்துவிடப் போகிறார்கள் என்று. அவ்வளவுதான். புத்தகம் இல்லை, பாட்டு இல்லை. ஃபோனை வேண்டுமென்றே வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வருவாள். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். தனக்கு என்ன குறை என்று சில நாள் யோசித்துப் பார்ப்பாள். ஒன்றும் அகப்படாது. அது இன்னும் பயமாக இருக்கும்.

"மூணு மாசமா நடக்குறா, ஒரு சுத்து இளைச்சாளா பாருங்க" என்று அண்ணி கேலி செய்வாள். "எந்தப் பக்கம்தான் நடக்குற? இந்த வீட்டுக்குள்ள நடந்தே நான்தான் இளைக்கிறேன்."

இதற்கிடையில் வண்டியின் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. முதல் தடவை அண்ணன் தள்ளி ஸ்டார்ட் செய்தான். இரண்டாம் தடவை பேட்டரிக் கடைக்காரனோடு சண்டை போட்டுப் புதிதாக மாற்றிக்கொண்டு வந்தான். அதுவும் ஒரு மாதத்தில் படுத்தது. தன்னால்தானோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு சின்ன விளக்கும் ஒன்றில் ஓடுகிற ஃபேனும் ஒரு காரையே சாய்த்துவிடுமா என்று தனக்குத்தானே கேட்டு, சாய்க்காது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். யாரிடமாவது விசாரித்திருக்கலாம். விசாரித்தால் பதில் கிடைத்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கண் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டு வாசலில் காத்திருக்க, வண்டி கிளம்பவே இல்லை. சாவியைத் திருகினால் டிக்டிக்கென்று ஒரு சத்தம் மட்டும். அவர் வேறு வண்டி பிடித்துப் போனார். பத்து வருஷ வாடிக்கை. வீட்டுக்கு வந்து அண்ணன் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பத்து மணிக்கு மில்லியண்ணன் வந்தார்.

மில்லி என்றால் எல்லோரும் நினைப்பது அது இல்லை. அந்த மனிதர் சொட்டுக்கூடத் தொடமாட்டார். கார்களின் மின்சார வேலை பார்ப்பவர். எதற்கெடுத்தாலும் "எத்தனை மில்லி இழுக்குது?" என்று மீட்டரைப் பார்ப்பதால் வந்த பெயர். மில்லி ஆம்பியர் என்று முழுதாகச் சொல்ல அவருக்கும் பொறுமை கிடையாது, கேட்பவர்களுக்கும் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் இந்தப் பெயரால் ஒரு சம்பந்தமே தவறிப்போனது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அண்ணன் வரவேற்ற விதத்தில் சிரிப்பில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த வண்டிக்குப் பின்னால் கேமரா பொருத்தியவர் அவர்தான்.

"நீங்க கேமரா போட்டதுக்கு அப்புறம்தாண்ணே இந்தக் கூத்தெல்லாம்."

"ரிவர்ஸ் போட்டாத்தான் தம்பி அதுக்குக் கரண்டே வரும். நிக்கிற வண்டியில அது வெறும் பொட்டு மாதிரி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

கொட்டகையில் மற்ற மூன்று வண்டிக்காரர்களும் இருந்தார்கள். மூவருமே மில்லியண்ணனிடம் வேலை கொடுப்பவர்கள். வண்டியைத் துடைக்கிற சாக்கில் காதை இங்கே வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தும் எல்லோரும் வந்துவிட்டார்கள், அப்பா ஒரு நாற்காலியோடு.

காலையிலேயே கழற்றி அனுப்பிய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார் மில்லியண்ணன். பானெட்டைத் திறந்து, அதன் பூட்டில் ஸ்க்ரூடிரைவரை விட்டு அமுக்கி, மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார். பேட்டரிக்கும் அதன் கறுப்பு ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்து இணைத்தார். "இப்போ பேட்டரிலேர்ந்து ஒரு சொட்டு போனாலும் இது வழியாத்தான் போயாகணும். உள்ள ஃப்யூஸ் பொட்டி இருக்கு. ஒவ்வொண்ணாப் புடுங்கிப் பாத்தா எவன் குடிக்கிறான்னு தெரிஞ்சிடும். ஆனா கதவைத் தொறந்தா வண்டி முழிச்சிக்கும், எல்லாக் கணக்கும் குழம்பிடும். முதல்லேயே ஒரு ஆள் உள்ள போய் உக்காந்துக்கணும். சின்ன உடம்பா இருந்தா நல்லது, காலுக்கடியில குனியணும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"டிகிரி இருக்காளே" என்றார் அப்பா. "நம்பர் பாத்து எடுப்பா. படிச்ச பொண்ணு."

"அப்பா, நான் படிச்சது செடி."

"அதான் சொல்றேன். படிச்சிருக்கேல்ல?"

மறுத்தால் ஏன் என்பார்கள். ஏறினாள். "கதவைத் தொறக்கக் கூடாது, கண்ணாடியத் தொடக் கூடாது, நான் சொல்றவரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். உன்னால முடியுமா தங்கச்சி?" என்றார் மில்லியண்ணன். கதவு டப் என்று சாத்திக்கொண்டது. தினமும் கேட்கிற அதே சத்தம்தான். இன்று வெளியே பத்துப் பேர் நின்றார்கள்.

"இப்போ வண்டி தூங்கணும். இருபது நிமிஷம் ஆகும்" என்று வெளியே அறிவித்தார்.

அந்த ஒரு சொல்லில் கொட்டகையே அடங்கியது. அம்மா உதட்டில் விரலை வைத்துப் பிள்ளைகளை அதட்டினாள். அப்பா நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி நகர்த்தினார். துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கூடத் துணியை மெதுவாகப் பிழிந்தார்.

"தூங்கிடுச்சாண்ணே?" என்று அண்ணி குசுகுசுத்தாள்.

"இப்போதான் கண்ணு சொக்குது. ரெண்டு ஆம்பியர்லேர்ந்து முந்நூறு மில்லிக்கு வந்திருக்கு." மில்லியண்ணனும் ஏனோ குசுகுசுத்தார். "ஏன் மெல்லப் பேசுறீங்க எல்லாரும்? அதுக்குக் காது கெடையாது."

"உங்க குரலும்தாண்ணே எறங்கிடுச்சு."

வெளியே பேசுவது உள்ளே மங்கலாகத்தான் வந்தது; வாயில் பஞ்சு வைத்தவர்களின் பேச்சைப் போல அவளுக்கு அது புரிந்தது. உள்ளே புழுக்கம் ஏறியது. கழுத்திலிருந்து வேர்வை இறங்கி முதுகில் ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகங்கள். அண்ணன் மகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தித் தட்டையாக்கிக் காட்டினாள். அம்மா, "தண்ணி வேணுமா?" என்று சைகை செய்தாள். அவள் எங்கே பார்த்தாலும் யாராவது அன்பாகப் பார்த்தார்கள். பார்வையைக் கீழே இறக்கினாள். அப்போதுதான் ஃபேன் குமிழ் கண்ணில் பட்டது. நேற்று அவள் விட்டபடியே ஒன்றில் நின்றது. காலையில் வண்டி கிளம்பாததால் யாரும் அதைத் தொடவில்லை. கையை நீட்டித் திருப்பலாம். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இருபத்தெட்டு மில்லி" என்றார் மில்லியண்ணன். அவர் முகத்தில் வெற்றி இல்லை, குழப்பம்தான். "அம்பதுக்குக் கீழ இருந்தா நல்ல வண்டி. இது கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் போற கரண்டு. மூச்சு விடுற கணக்கு."

இருந்தாலும் விடவில்லை. கண்ணாடி வழியே விரலால் எண்களைக் காட்டினார். அவள் சின்ன பிளாஸ்டிக் இடுக்கியால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினாள், திரும்பச் செருகினாள். பாட்டுப் பெட்டியுடையதைப் பிடுங்கியபோது இருபத்தொன்றாக இறங்கியது. மற்ற எதற்கும் முள்ளளவு அசைவில்லை. கேமராவுடையதைப் பிடுங்கியபோதும் இல்லை. அடுத்த எண்ணைக் காட்டுவதற்காகக் கண்ணாடிக்கு நெருங்கிக் குனிந்தவரின் கண் ஒரு இடத்தில் நின்றது.

"தம்பி, நீ ஃபேனை எத்தனையில வெச்சு ஓட்டுவ?"

"நாலு. ஏறினதும் பாசஞ்சருக்கு முடி பறக்கணும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவர் குமிழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பொதுவாக எல்லோரிடமும் கேட்டார்: "வீட்ல யாராவது வந்து வண்டிக்குள்ள உக்கார்ற பழக்கம் உண்டா? ஃபேன் போட்டுக்கிட்டு?"

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தூங்குகிற வண்டியை மறந்து உரக்கப் பேசினாள். "என்ன தம்பி கேக்குறீங்க? வீடு வாசல் இல்லாதவங்களா நாங்க? கார்ல வந்து உக்கார எங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"மன்னிச்சுக்குங்கம்மா. கேக்கணும்ல."

"அப்போ வண்டியில கோளாறு இல்ல, வீட்டுலயும் இல்ல" என்றான் அண்ணன். "பேட்டரி மட்டும் தானா எறங்குது. பேயா குடிக்குது?"

வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். மில்லியண்ணன் காதைச் சொறிந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி தம்பி. கேமராவக் கழட்டிடறேன்."

"அப்போ நீங்க போட்டதுதான் தப்புன்னு ஒத்துக்கறீங்க."

மூன்று ஓட்டுநர்களின் கையும் நின்றது. இதற்குப் பிறகு அவர்கள் அவரிடம் வண்டி கொடுக்கமாட்டார்கள் என்பது கண்ணாடிக்குள் இருந்த அவளுக்கே தெரிந்தது. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கேமரா போகும், அவர் பெயர் போகும், ஆறரை மணி இருக்கும். ஃபேன் இல்லாமல், விளக்கு இல்லாமல், இருட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். அவள் கணக்குப் போட்டாள், வெட்கமில்லாமல். எந்த நொடியில் வாய் திறந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது நியாயத்துக்காகவா, புழுக்கம் தாங்காமலா என்று பின்னாளில் பல தடவை யோசித்தாள்.

"நான்தான்" என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன சொல்றா?"

"நாலுதாங்கறா" என்றார் அப்பா. "நாலாம் நம்பர்தான் கோளாறாம். நான் சொல்லல? படிச்ச பொண்ணு!"

"நாலைப் புடுங்கிட்டியா?" என்று அண்ணன் நாலு விரலைக் காட்டினான்.

தலையை இடமும் வலமும் ஆட்டினாள். "நான்தான். நான்!" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"நெஞ்சு அடைக்குதுங்கறா! ஐயோ, காத்தில்லாம போச்சு!" என்று அம்மா அலறினாள்.

அவள் கதவைத் திறந்தாள். உள்விளக்கு எரிந்தது, பூட்டுகள் களுக்கென்றன, மீட்டரில் எண்கள் தறிகெட்டு ஏறின. இருபது நிமிடத் தூக்கம் போயிற்று. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "நான்தான் தினமும் வந்து உக்கார்றேன். ஃபேன் போட்டுக்கிட்டு. நடக்கப் போறதே இல்ல. அண்ணே, அவர் மேல தப்பில்ல" என்றாள்.

மில்லியண்ணன் குனிந்து மீட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"யாரோட ஃபோன் பேசுற?" என்றாள் அம்மா, குரலை மிகவும் தாழ்த்தி.

"ஃபோன் வீட்டுலதான் கெடக்கும் அத்தை" என்றாள் அண்ணி உடனே. "சார்ஜ்ல இருக்கும், நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன்."

"அப்புறம் உள்ள உக்காந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஒண்ணுமே பண்ணாம எதுக்கு?" என்றான் அண்ணன். இன்னும் கோபம் வரவில்லை அவனுக்கு, புரியாத தவிப்புதான். "உனக்கு என்ன குறை டிகிரி? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அதுதான் உண்மை. அதைவிட மோசமான பதில் ஒன்றை அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "மூணு மாசமா எம்பொண்ணு ஒத்தையில உக்காந்திருக்கு. எனக்குத் தெரியலையே. நான் ஒரு அம்மாவா?"

அண்ணன் மில்லியண்ணனின் கையைப் பிடித்து, மூன்று ஓட்டுநர்களுக்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டான். அவளிடம் வந்து, "சொல்லியிருக்கலாம்ல? சாவிய ஒளிச்சு எடுத்துட்டுப் போற அளவுக்கா நான் இருந்திருக்கேன்?" என்று மட்டும் கேட்டான். கண் ஆபரேஷன்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மில்லியண்ணன் மீட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் வந்தபோது மெல்லச் சொன்னார். "கொஞ்சம் பொறுத்திருந்தா எப்படியாவது சமாளிச்சிருப்பேன் தங்கச்சி. இப்போ இவங்க உன்னை விடமாட்டாங்க."

அவர் சொன்னது திங்கட்கிழமையே புரிந்தது. ஆறரை மணிக்கு அண்ணன் தானாகச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாசல் தாண்டுவதற்குள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "உனக்குத் துணைக்கு வரேன். பேசவே மாட்டேன், சும்மா உக்காந்திருப்பேன்." அம்மா அன்று தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்து, கடைசித் தங்கையின் பிரசவம்வரை பேசினாள். செவ்வாய்க்கிழமை அண்ணியும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "இவ்வளவு நாளா இதை மறைச்சு வெச்சிருக்கியே கள்ளி" என்று அண்ணி சீட்டைச் சாய்த்துக்கொண்டாள். புதன்கிழமை அண்ணன் குளித்த ஈரத்தலையோடு வந்து எஞ்சினை ஓடவிட்டான். "இப்போ எவ்வளவு நேரம் உக்காந்தாலும் பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது." முன்சீட்டில் அப்பா. பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் அம்மா, மறு ஜன்னலோரம் அண்ணி, இருவர் மடியிலும் ஆளுக்கொரு பிள்ளை, நடுவில் அவள். ஃபேன் நாலில் இரைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லோரும் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள், நிஜமாகவே. அண்ணன் பயணிகளைப் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். சிரிக்கச் சிரிக்க மூச்சு முட்டியது.

"தண்ணி எடுத்துட்டு வரேன்" என்றாள்.

"நான் போறேன்" என்று அண்ணி நகர்ந்தாள்.

"மடியில புள்ள இருக்கு, நீங்க இருங்க அண்ணி." மடியிலிருந்த பிள்ளையின் காலைத் தாண்டி, வெளியே இறங்கி, வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். விளக்கு சுவிட்சுக்குக் கை போனபோதுதான் கவனித்தாள். வீட்டில் ஒருவருமில்லை. இருபத்துநாலு வருஷத்தில் அந்தக் கூடத்தை அவள் ஆளில்லாமல் பார்த்ததில்லை. பிள்ளைகளின் பாடநோட்டு விரித்தபடி கிடந்தது. அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. ஃப்ரிட்ஜின் முனகல் ஒன்றுதான். அதுவும் சற்று நேரத்தில் நின்றது.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கூடத்தின் நட்டநடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

தெருமுனையிலிருந்து ஹார்ன் அடித்தது. அண்ணன்தான். இன்னொரு தடவை, கொஞ்சம் நீளமாக. அடுத்து அண்ணனின் மகளைத்தான் அனுப்புவார்கள். அது ஓடிவர இரண்டு நிமிடம் ஆகும், செருப்பு மாட்டத் தேடினால் மூன்று.

அவள் கால் இரண்டையும் நீட்டினாள். எதிர்ச்சுவர்வரை யார் மேலும் படவில்லை.